குரோம்பேட்டை கற்பிக்கும் பாடம்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் சானடோரியத்தை அடுத்து வரும் நிலையம் குரோம்பேட்டை. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அங்கே ஏறி இறங்குகின்றனர். ஒரு தனிமத்தின் பெயரைத் தாங்கிய ஊரில் நிற்கிறோம் என்பது அவர்களுள் எத்தனை பேருக்கு நினைவில் இருக்கும்? குரோமியம் என்பது 24ஆம் அணு எண்ணைக் கொண்ட உலோகம். அதன் உப்பைக் கொண்டு தோல் பதனிட்ட ஆலை ஒன்று 1912ஆம் ஆண்டில் பல்லாவரத்திற்கு அருகே தோன்றியது. சேம்பர்ஸ் குடும்பத்தார் நிறுவிய குரோம் லெதர் கம்பெனி என்பது அதன் பெயர். அதைச் சுற்றி வளர்ந்த பேட்டையே குரோம்பேட்டை.

அண்மையில் என்னிடம் இயற்பியல் பயின்ற மாணவர் ஒருவர் ஒரு கேள்வியோடு வந்தார். பொருளறிவியலில் டாக்டர் பட்ட ஆய்வில் சேர அவருக்கு விருப்பம். “ஆராய்ச்சிக் காலத்தில் சில மாதங்கள் தொழிற்சாலையில் போய் இருக்க வேண்டி வரலாம் என்கிறார்கள், சார். அந்த மாதங்கள் வீண்தானே? ஆய்வு கெட்டுப் போகாதா?” என்று கேட்டார். ஒரே சொல்லில் விடை கூற எனக்கு மனம் வரவில்லை. நாம் நாள்தோறும் கடந்து செல்லும் ஊரின் வரலாற்றிலேயே அதற்கு விடை இருக்கிறது என்றேன். அவருக்குச் சொன்னதையே சற்று விரிவாக இங்கு எழுதுகிறேன்.

பள்ளிக்குள் ஒரு தொழிற்கூடம்

கதை தொடங்குவது குரோம்பேட்டையில் அன்று. சென்னை எழும்பூரில் இருந்த கலைத்தொழிற் பள்ளியில். ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் 1888ஆம் ஆண்டில் சென்னைப் பொறியியற் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தவர். பின்னர் கலைத்தொழிற் பள்ளியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. அக்காலத்தில் அலுமினியம் ஒரு புத்தம்புது உலோகம். மின்பகுப்பு முறையில் அதை மலிவாகப் பிரித்தெடுக்கும் வழியை 1886ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் எரூ என்பவரும் தனித்தனியே கண்டறிந்திருந்தனர். அதன் பின் 12 ஆண்டுகளே கழிந்த நிலையில், 1898ஆம் ஆண்டில், சாட்டர்டன் சென்னைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் பிரிவைத் தொடங்கினார். செம்பும் பித்தளையும் தட்டிப் பழகிய கைகள் புதிய உலோகத்தின் குணத்தைப் பள்ளிக்குள்ளேயே கற்றுக்கொண்டன. 1903ஆம் ஆண்டில் அந்தப் பிரிவு ஒரு தனியார் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. இன்று நம் வீடுகளில் உள்ள அலுமினியக் குண்டானுக்கும் தேக்சாவுக்கும் அப்பள்ளியும் ஒரு மூதாதை எனலாம்.

அடுத்து அவர் கை வைத்தது தோலில். நம் நாட்டில் வழிவழியாக ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டே தோல் பதனிட்டு வந்தனர். தோல் குழிகளில் வாரக்கணக்கில் ஊற வேண்டும். அப்படிப் பதனிட்ட தோல் நல்ல தோல்தான்; ஆனால் ஓயாமல் நீரில் நனைந்தால் விரைவில் கெட்டுவிடும். அந்நாளில் கிணற்று நீரை இறைக்க உழவர் கவலை ஏற்றத்தையே நம்பியிருந்தனர். கவலையின் தோற்பை ஓயாமல் நனைந்து காய்வது. பை கிழிந்தால் புதுத் தோல் வாங்க வேண்டும்.

அமெரிக்காவில் 1884ஆம் ஆண்டில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறைக்கு உரிமை பெற்றிருந்தார். 1893ஆம் ஆண்டில் மார்ட்டின் டென்னிஸ் அதை மேலும் எளிதாக்கினார். சாட்டர்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலைத்தொழிற் பள்ளியிலேயே அந்த முறையைச் சோதிக்கத் தொடங்கினார். குரோம் தோல் நீருக்கு அஞ்சாதது என்பதால் கவலைத் தோலுக்கு அது பெரிதும் உதவியது. பின்னர் இந்தச் சோதனை செம்பியத்தில் ஓர் ஆலையாகவே வளர்ந்தது.

ஆனால் 1910ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து ஒரு தடை வந்தது. இந்திய அமைச்சராக இருந்த மார்லி பிரபு, அரசு புதிய முறைகளைக் கற்பிக்கலாமே தவிர, ஆலை நடத்தி வழிகாட்டக் கூடாது என்று முடிவு செய்தார். செம்பியம் ஆலை விற்கப்பட்டது. கல்வி ஒருபுறம், தொழில் மறுபுறம் என்ற கோடு அன்றே அழுத்தமாக வரையப்பட்டுவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் பல்லாவரத்தருகே குரோம் லெதர் கம்பெனி தோன்றியது.

கொதிநீர்ச் சோதனை

குரோமியம் தோலை என்ன செய்கிறது? தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற நார்ப் புரதம். பதனிடாத தோலை நீரில் இட்டுச் சூடாக்கினால் 60 முதல் 65 பாகை செல்சியஸ் அளவில் அது சட்டென்று சுருங்கிப் போகும். புரத இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் வலுவற்ற பிணைப்புகள் வெப்பத்தில் அறுவதே காரணம். தாவரப் பொருள்களால் பதனிட்டால் சுருங்கும் வெப்பநிலை 75 முதல் 85 பாகை வரை உயரும். குரோமியமோ அதை 100 பாகைக்கு மேல் கொண்டு செல்லும். மூன்றிணைதிற குரோமிய அயனிகள் புரத இழைகளில் உள்ள கார்பாக்சில் தொகுதிகளோடு பிணைந்து, பக்கத்துப் பக்கத்து இழைகளுக்கிடையே பாலம் அமைத்துவிடுகின்றன. பல கயிறுகளை ஆங்காங்கே முடிச்சிட்டுக் கட்டிவைப்பது போன்றது இது.

ஆய்வுக்கூடத்தில் இந்த வெப்பநிலையை அளக்க நுண்ணிய கருவிகள் உண்டு. தோல் ஆலையில் நிற்கும் தொழிலாளியிடம் அவை இல்லை. உருளும் பீப்பாயிலிருந்து அவர் ஒரு துண்டுத் தோலை வெட்டி எடுப்பார். அதன் உருவைத் தாளில் வரைந்துகொண்டு கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போடுவார். எடுத்து, வரைந்த கோட்டின்மேல் வைத்துப் பார்ப்பார். சுருங்கவில்லை என்றால் பதம் வந்துவிட்டது. சுருங்கினால் பீப்பாய் இன்னும் உருள வேண்டும். இரண்டும் ஒரே இயற்பியலைத்தான் அளக்கின்றன. ஆனால் ஆய்வு மாணவர் தம் கருவியில் போடுவது ஒரு சிறு துண்டு. தொழிலாளி பொறுப்பேற்பது பீப்பாய் நிறைய உள்ள தோல்களுக்கு. கழுத்துப் பகுதி தடிப்பு, வயிற்றுப் பகுதி மென்மை. ஓர் ஆட்டின் தோல் போல் மற்றோர் ஆட்டின் தோல் இராது. ஒரு துண்டில் உண்மையானது ஆயிரம் தோல்களிலும் உண்மையாக இருக்க என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்வி தொழிற்கூடத்தில்தான் பிறக்கிறது. பொருளறிவியலின் பாதி இந்தக் கேள்வியே.

ஆய்வுக்கூடத்திற்குள் ஓர் ஆலை

விடுதலைக்குப் பின் 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் முதல் இயக்குநர் பி. எம். தாஸ். அருகிலேயே, 1944ஆம் ஆண்டில் தொடங்கிய அழகப்ப செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி இருந்தது. அங்கே தோல் தொழில்நுட்பம் பயின்ற மாணவர்கள் செய்முறைப் பயிற்சியை ஆராய்ச்சி நிலையத்திலேயே பெற்றனர். நிலையத்தின் வளாகத்திற்குள்ளேயே ஒரு சிறிய தோல் பதனிடும் ஆலை அமைந்தது. 1910ஆம் ஆண்டில் வரைந்த கோட்டை இந்த ஏற்பாடு ஓரளவு அழித்தது எனலாம்.

இப்பணியில் முதன்மையாகக் குறிப்பிட வேண்டியவர் டாக்டர் ஒய். நாயுடம்மா. 1958 முதல் 1971 வரை நிலையத்தின் இயக்குநராகவும், பின்னர் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் விளங்கியவர். விஞ்ஞானி தோல் ஆலைக்குப் போக வேண்டும், ஆலைக்காரர் ஆய்வுக்கூடத்திற்கு வர வேண்டும் என்பது அவருடைய கொள்கை. நாட்டின் பல பகுதிகளில் நிலையத்தின் கிளைகள் ஏற்பட்டன. 1972ஆம் ஆண்டில் சீதாராமையா குழு, அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை விட்டு முழுமையாக முடித்த தோலையும் தோற்பொருள்களையும் அனுப்ப வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கு வேண்டிய நுட்பத்தை ஆலைகளுக்குக் கொண்டு செல்லும் நிலையில் அடையாறு அன்று இருந்தது. 1985ஆம் ஆண்டில் கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்பில் நாயுடம்மா உயிரிழந்தது நாட்டுக்குப் பேரிழப்பு.

கங்காருவின் வால்

ஆலையோடு பழகுவதால் அடிப்படை அறிவியல் கெட்டுவிடும் என்று அஞ்சுவோருக்கு ஒரு செய்தி. 1952ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார் ஜி. என். ராமச்சந்திரன். அங்கு வந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று கூற, அதை ஆராய அவர் முனைந்தார். எக்ஸ் கதிர்ப் படம் தெளிவாக விழ வேண்டுமானால் இழைகள் ஒழுங்காக அடுக்கப்பட்ட தூய மாதிரி வேண்டும். அது எங்கே கிடைக்கும்? பக்கத்திலிருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கிடைத்தது. கங்காருவின் வால் தசைநாரிலிருந்து எடுத்த கொலாஜன் அது.

அதைக் கொண்டு ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் கொலாஜன் மூன்று புரிகள் முறுக்கிய கயிறு போன்றது என்று உலகுக்கு அறிவித்தனர். பனங்கயிறு திரிப்பவர் புரிகளைத் தனித்தனியே முறுக்கிப் பின் ஒன்றாகச் சேர்த்து முறுக்குவதைப் பார்த்தவருக்கு இது எளிதில் விளங்கும். சென்னையிலிருந்து வெளிவந்த தலைசிறந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்று இது. தோல் தொழிலுக்காகச் சேமித்த பொருள் உயிரியற்பியலுக்கே வழி திறந்தது. எனவே தொழிலின் வாசலில் நிற்பது ஆராய்ச்சியைத் தாழ்த்தும் என்பது சரியன்று.

கேட்கப்படாத கேள்வி

இதுவரை சொன்னது ஒருபக்கம். மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் வரலாறு பொய்யாகிவிடும்.

வழக்கமான முறையில் பீப்பாயில் இடும் குரோமியத்தில் 60 முதல் 70 விழுக்காடே தோலில் சேர்கிறது. எஞ்சியது கழிவுநீரோடு போகிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் நீர் செலவாகிறது. உப்பும் சுண்ணாம்பும் சல்பைடும் அந்நீரில் கலந்திருக்கும். பல்லாண்டுகள் அது வாய்க்காலிலும் ஏரியிலும் பாலாற்றிலும் கலந்தது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழ்பட்டிருப்பதாக ஓர் ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு தர வேண்டும் என்ற கொள்கையை அது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. அத்தீர்ப்பு பெயரிட்ட மாவட்டங்களுள் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் ஒன்று. பல்லாவரமும் குரோம்பேட்டையும் அன்று அம்மாவட்டத்தில்தான் இருந்தன.

கழிவிலிருந்து குரோமியத்தை மீட்கும் வழி தெரியாமலா இவ்வளவும் நடந்தது? இல்லை. கழிவுநீரில் மக்னீசியம் ஆக்சைடை இட்டால் குரோமியம் கசடாகப் படியும். தெளிந்த நீரை வடித்துவிட்டுக் கசடைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மீண்டும் பதனிட உதவும். தீர்ப்புக்கு முன்பே இம்முறை அறியப்பட்டிருந்தது. அறிந்தவர் ஆய்வுக்கூடத்தில் இருந்தனர். தேவைப்பட்டவர் சிறு ஆலைகளில் இருந்தனர். சிறு ஆலைக்கு இடமில்லை, முதலில்லை, கவனித்துச் செய்ய ஆளில்லை. இரண்டுக்கும் இடையே நாள்தோறும் நடந்து போய்வர, ‘இந்த ஆலையில், இந்தக் குழியில், இந்தச் செலவில் எப்படிச் செய்வது?’ என்று மாதக்கணக்கில் உடனிருந்து பார்க்கப் போதிய ஆட்கள் இல்லை. அந்த இடைவெளியின் விலையை உழவரின் கிணறுகள் கொடுத்தன.

தீர்ப்பை ஒட்டிய ஆண்டுகளில் பல்லாவரம் உள்ளிட்ட ஊர்களில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. அடையாறு நிலையம் பின்னாளில் நீர் சேர்க்காமலே குரோம் பதனிடும் முறையை உருவாக்கியது. குரோமியத் தேவையை அது 15 முதல் 20 விழுக்காடு வரை குறைக்கும் என்று நிலையம் தெரிவித்தது. முயற்சி தொடர்கிறது. ஆனால் ஆலை தானாகக் கேட்காத கேள்வியையும் ஆராய்ச்சியாளர் கேட்க வேண்டும் என்ற பாடத்தை நாம் மிகுந்த விலை கொடுத்தே கற்றோம்.

பிற நாடுகள் கண்ட வழி

ஆய்வு மாணவரைத் தொழிலோடு இணைக்கும் முயற்சி பிற நாடுகளில் நூறாண்டுக்கு மேற்பட்டது. அமெரிக்காவில் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கென்னடி டங்கன் என்ற வேதியியல் பேராசிரியர் 1907ஆம் ஆண்டில் தொழிலக ஆய்வு உதவித்தொகையைத் தொடங்கினார். ஒரு தொழில் நிறுவனம் தன் சிக்கலைச் சொல்லும், பணமும் தரும். இளம் ஆராய்ச்சியாளர் ஒருவர் பல்கலைக்கழகத்தில் அதை ஆராய்வார். துணி வெளுப்பதன் வேதியியல் தொடக்க கால ஆய்வுகளுள் ஒன்று. ஏற்பாடு நன்கு நடந்தது. டங்கன் பின்னர் பிட்ஸ்பர்க் நகருக்குச் சென்றார். அங்கே 1913ஆம் ஆண்டில் மெல்லன் நிறுவனம் இதே அடிப்படையில் உருவாயிற்று.

டென்மார்க் 1970களின் தொடக்கத்தில் தொழிலக ஆராய்ச்சியாளர் திட்டத்தைத் தொடங்கியது. பிரான்சு 1981ஆம் ஆண்டில் ‘சிஃப்ர்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. இதன்படி டாக்டர் பட்ட மாணவரை நிறுவனமே மூன்றாண்டுகளுக்கு வேலையில் சேர்த்துக்கொள்ளும். அதற்கு அரசு மானியம் தரும். பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் வழிநடத்தும். நிறுவனம், ஆய்வுக்கூடம், மாணவர் ஆகிய மூவரும் கடமையறிந்து கையெழுத்திடுவது இதன் சிறப்பு.

நம் நாட்டில்

நம் நாட்டில் 2012ஆம் ஆண்டில் பிரதம மந்திரி ஆய்வு உதவித்தொகைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியமும் இந்தியத் தொழிலகக் கூட்டமைப்பும் சேர்ந்து தொடங்கிய இத்திட்டத்தில் ஆண்டுக்கு 100 பேர் வரை தேர்ந்தெடுக்க வழி செய்யப்பட்டது. அரசு தரும் உதவித்தொகைக்கு ஈடான தொகையைக் கூட்டு நிறுவனமும் தரும். ஆய்வின் தலைப்பு நிறுவனத்திற்கும் பல்கலைக்கழகத்திற்கும் பொதுவானதாக இருக்க வேண்டும்.

நம் பகுதியில் அதற்கு இரண்டாண்டுகள் முன்பே, 2010ஆம் ஆண்டில், தரமணியில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. பல்கலைக்கழகம் ஒன்றை ஒட்டி நம் நாட்டில் அமைந்த முதல் ஆராய்ச்சிப் பூங்கா இதுவே. இங்கு இடம் பெறும் நிறுவனம் வாடகை கொடுத்தால் மட்டும் போதாது. பேராசிரியர்களோடும் மாணவர்களோடும் எவ்வளவு சேர்ந்து உழைத்தது என்பதற்கு மதிப்பெண் கணக்கு உண்டு. தாம்பரத்தில் உள்ள ஒரு மாணவர் காலையில் வேளச்சேரி வழியாகப் பேருந்தில் சென்று மாலையில் வீடு திரும்பும் தூரத்தில் ஆய்வுக்கூடமும் நிறுவனமும் எதிரெதிரே நிற்கின்றன. சாட்டர்டன் கலைத்தொழிற் பள்ளிக்குள் செய்து பார்த்தது, ஒரு நூற்றாண்டுக்குப் பின் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது.

மாணவர் கவனிக்க வேண்டியவை

தொழிலகத்திற்குப் போகும் ஆய்வு மாணவர் மூன்று செய்திகளை முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

முதலாவது, தம் கேள்வி எது என்பது. கேள்வி இல்லாமல் போகிறவர் அங்கே கூலியில்லாத வேலையாளாகிவிடுவார். ‘இந்த உலோகக் கலவை ஏன் வெடிக்கிறது?’, ‘இந்தப் பூச்சு ஏன் உரிகிறது?’ என்பன போல ஒற்றைக் கேள்வி போதும்.

இரண்டாவது, எதை வெளியிடலாம் என்பது. தொழிலுக்கு இரகசியம் தேவை. ஆய்வேட்டுக்கு வெளிப்படை தேவை. இது பழைய சிக்கல்தான். டங்கன் காலத்திலேயே, ஆய்வு முடிவுகளைச் சில ஆண்டுகள் கழித்து வெளியிடலாம் என்று உடன்பாடு செய்துகொண்டனர். எழுதி வைத்துக்கொள்ளாத வாக்குறுதி பின்னால் மனக்கசப்பாகும்.

மூன்றாவது, ஆலையில் தமக்கு ஆசிரியர் யார் என்பது. மேலாளர் மட்டும் போதாது. கொதிநீரில் தோலைப் போட்டுப் பதம் பார்க்கும் அந்தத் தொழிலாளியும் ஆசிரியரே. அவரிடம் ‘ஐயா, இதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?’ என்று கேட்கத் தெரிந்தவருக்கு ஆறு மாதத்தில் பல நூல்களின் பொருள் விளங்கும்.

இம்மூன்றோடு, குரோம்பேட்டை நமக்குச் சொல்லித் தரும் நான்காவது ஒன்றும் உண்டு. ஆலையின் முன்வாசல் வழியாக உள்ளே போகும் மாணவர், ஒரு நாளேனும் அதன் பின்புறம் சென்று கழிவுநீர் எங்கே போகிறது என்று பார்த்துவர வேண்டும். அது அவருடைய ஆய்வுத் தலைப்பில் இல்லாமலிருக்கலாம்; ஆனால் அவர் ஆராயும் பொருளின் வாழ்க்கை அங்கேதான் முடிகிறது.

என் மாணவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அப்படியானால் அந்த மாதங்கள் வீணில்லை என்கிறீர்களா, சார்?” என்றார். வீணாவதும் பயனாவதும் நீ அங்கே கேட்கும் கேள்வியில் இருக்கிறது, தம்பி என்றேன். அடுத்த நாள் மாலை அவரை ரயிலில் பார்த்தேன். வண்டி குரோம்பேட்டையில் நின்றது. அவர் சன்னல் வழியாக நிலையத்தின் பெயர்ப்பலகையை முதன்முறையாகப் படிப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.